வீட்டுச் சாப்பாடு உண்ணும் நாய்க்கு இயற்கையான வைட்டமின்களும் தாதுச் சத்துகளும்: எதை, எவ்வளவு சேர்ப்பது?

கேள்வி: வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயதான ராஜபாளையம் பெண் நாய் ஒன்று இருக்கிறது. எடை 22 கிலோ. கருத்தடை செய்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பைகளில் விற்கும் உலர் தீவனத்தை அது முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவதால், குட்டியாக இருந்த நாள் முதல் வீட்டில் சமைத்ததையே கொடுத்து வருகிறோம். நாளொன்றுக்கு வேகவைத்த தோல் நீக்கிய கோழிக்கறி 250 கிராம், சோறு ஏறக்குறைய அரை கிலோ, ஒரு கிண்ணம் தயிர், அவ்வப்போது கேரட், வாரத்தில் இரண்டு மூன்று முட்டைகள். இவற்றை இரண்டு வேளையாகப் பிரித்து வைப்போம். உப்பும் மசாலாவும் சேர்ப்பதில்லை.

கடந்த நான்கைந்து மாதங்களாக அதன் முடியில் இருந்த பளபளப்பு மங்கிவிட்டது. தடவினால் கையோடு முடி வருகிறது. முதுகில் வெள்ளையாகச் செதில்கள் உதிர்கின்றன. உற்சாகம் குறையவில்லை, பசியும் நன்றாகவே இருக்கிறது. தெரிந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். முருங்கைக்கீரைப் பொடி, நெல்லிக்காய்ப் பொடி, கேழ்வரகுக் கூழ், பச்சை முட்டை, தேங்காய் எண்ணெய், முட்டை ஓட்டுப் பொடி, மீன் எண்ணெய், ஈரல், உண்ணி வராமல் இருக்கத் தினமும் ஒரு பல் பூண்டு என்று பட்டியல் நீண்டுவிட்டது. மாத்திரையைவிட உணவுப் பொருளாகவே கொடுக்கத்தான் எனக்கு விருப்பம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் நன்மையா தீமையா என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

அம்மா, உங்கள் கேள்வியில் அளவுகளையும் சேர்த்து எழுதியிருப்பதால் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல முடிகிறது. பெரும்பாலோர் "நல்ல சாப்பாடுதான் போடுகிறோம்" என்று சொல்வதோடு நின்றுவிடுவார்கள்.

முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள். முடி உதிர்வுக்கும் செதிலுக்கும் உணவு ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய தொற்றுகள், குடற்புழுக்கள், தோலில் வரும் பூஞ்சையும் சொறியும், தைராய்டு சுரப்பு குறைதல் ஆகிய எல்லாமே வெளியே முடியிலும் தோலிலும் தெரியக்கூடும். ஒரு முறை இரத்தப் பரிசோதனையும் தோல் சுரண்டல் பரிசோதனையும் செய்துகொண்ட பிறகு சத்துகளைப் பற்றி யோசிப்பதுதான் முறை. நோய் இருக்கும் நாய்க்குக் கீரைப் பொடி கொடுத்துக்கொண்டு இரண்டு மாதங்களை இழந்தவர்களை நான் பணியில் இருந்தபோது நிறையவே பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் நாயின் தட்டுக்கு வருவோம். 22 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டில் வளரும் நாய்க்கு நாளொன்றுக்கு 1,100 கிலோ கலோரி அளவில் தேவைப்படும். நீங்கள் கொடுப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே வயிறு நிறைகிறது, எடையும் சரியாக நிற்கிறது. குறை இருக்கும் இடம் வேறு.

சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 15 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். பாஸ்பரஸோ 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். சோற்றிலும் கால்சியம் மிகக் குறைவு. உங்கள் கறி, சோறு, தயிர் மூன்றையும் கூட்டினால் கால்சியம் ஏறக்குறைய 200 மில்லிகிராம், பாஸ்பரஸ் ஏறக்குறைய 880 மில்லிகிராம். இந்த அளவு உணவு உண்ணும் வளர்ந்த நாய்க்குக் கால்சியம் 1,100 மில்லிகிராம் வேண்டும்; அது பாஸ்பரஸின் அளவுக்குக் குறையாமலும் அதன் இரண்டு மடங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்கள் நாய்க்கு இந்த விகிதம் தலைகீழாக, ஒன்றுக்கு நான்கு என்று இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து உருவி எடுத்து ஈடுகட்டும். அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாக வந்தாலும் எலும்பு நலமாக இருக்கிறது என்று அர்த்தமாகாது.

இந்தக் குறையை முருங்கைக்கீரைப் பொடி தீர்க்குமா என்று பாருங்கள். உலர்ந்த முருங்கை இலைப் பொடியில் 100 கிராமுக்கு 2 கிராம் அளவில் கால்சியம் இருப்பதாகக் கணக்கு. கேட்க நிறையவே தோன்றும். ஆனால் ஒரு தேக்கரண்டிப் பொடி இரண்டு கிராம்தான் நிற்கும். அதில் கிடைப்பது 40 மில்லிகிராம். 900 மில்லிகிராம் பற்றாக்குறையை அதைக் கொண்டு நிரப்ப வேண்டுமானால் தினமும் இருபதுக்கும் மேற்பட்ட தேக்கரண்டிகள் கொடுக்க வேண்டும். எந்த நாயும் அதை உண்ணாது, உண்டாலும் வயிறு தாங்காது. கேழ்வரகிலும் இதே நிலைதான். 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருந்தாலும், தானியங்களில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்த அமிலத்தைக் குறைக்கும் என்பதால், நம் வீடுகளில் இரவே கரைத்து வைத்துக் காய்ச்சும் கூழ் வெறும் களியைவிட மேலானது. கொடுக்கலாம். ஆனால் சோற்றுக்கு மாற்றாகக் கொடுங்கள்; மருந்தாக நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

முட்டை ஓடு அப்படியல்ல. உங்கள் பட்டியலில் உண்மையிலேயே தேவையானது அதுதான். அதன் எடையில் 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். நன்றாக அரைத்த பொடி அரைத் தேக்கரண்டியில், அதாவது இரண்டரை முதல் மூன்று கிராமில், ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் கிடைத்துவிடும். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு அது போதும். அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு என்பது இங்கே ஒரு வசதி. கறியிலேயே அது வேண்டிய அளவு இருக்கிறது.

அடுத்தது முடிக்கும் தோலுக்கும் நேரடியாகத் தொடர்புள்ள துத்தநாகம். இதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் நாய்க்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் வேண்டும். 250 கிராம் கோழிக்கறியில் இரண்டரை, அரை கிலோ சோற்றில் இரண்டரை, தயிரில் அரை என்று கூட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. துத்தநாகம் குறைந்தால் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முழங்கைகளிலும் பாதங்களின் அடியிலும் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். அந்த இடங்களை நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். கோழிக்கறிக்குப் பதிலாக ஆட்டுக்கறி கொடுத்தால் அளவு கூடும். அப்போதும் முழுமையாக நிரம்பாது. அயோடினும் இப்படித்தான். சமையல் உப்பில் அயோடின் சேர்த்திருந்தாலும், நாய்க்குப் போடக்கூடிய சிறிதளவு உப்பில் அதன் தேவையில் ஒரு சிறு பங்குதான் வரும்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள்களை மட்டுமே கொண்டு எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்ற விருப்பம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. கால்சியத்தையும் வைட்டமின் ஏ-யையும் கொழுப்பு அமிலங்களையும் அவ்வாறு நிரப்பவும் முடியும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவற்றுக்கு, வீட்டுச் சமையலுக்கென்றே தயாரிக்கப்பட்ட தாதுக் கலவை ஒன்றை மருத்துவரிடம் கேட்டு, எடைக்கேற்ற அளவில் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 95 விழுக்காடு குறிப்புகளில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. அந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. என் தொழிலைச் சேர்ந்தவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள் என்பதால்தான் கணக்கைக் காட்டிச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெல்லிக்காய் தேவையில்லை. நம்மைப் போலன்றி, நாயின் கல்லீரல் வைட்டமின் சி-யைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும். ஈரல் நல்லது, ஆனால் அளவோடு. வாரத்திற்கு 80 கிராம் கோழி ஈரல் உங்கள் நாயின் வைட்டமின் ஏ தேவையை ஏறக்குறைய நிறைவு செய்துவிடும். தினமும் கொடுத்தால் அது கொழுப்பில் கரைந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். பச்சை முட்டை வேண்டாம். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், முடிக்குத் தேவையான பயோட்டினைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும். வேகவைத்தால் அந்தத் தீமை நீங்கிவிடும். பூண்டை அறவே நிறுத்திவிடுங்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உண்ணியை அவை விரட்டுவதும் இல்லை. சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயத்திற்கும் இது பொருந்தும்.

பதில் 2: சிப்பிப்பாறைக்காரன் (கோவில்பட்டிப் பக்கம்)

மருத்துவர் ஐயா எழுதியிருப்பதில் கால்சியம் பற்றிய பகுதியை நான் அனுபவித்தே அறிந்திருக்கிறேன். குட்டி வளர்ப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை எடுத்து வந்தேன். எலும்பு தொண்டையில் குத்திவிடும் என்ற பயத்தில், எலும்பில்லாத கறியையும் சோற்றையும் மட்டுமே பிசைந்து கொடுத்தேன். குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தது. நான்கரை மாதம் ஆனபோது ஓட்டம் குறைந்து, படுத்தே கிடக்கத் தொடங்கியது. முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டுக்குக் கீழே வெளிப்புறமாக வளைந்தன. பெரியவர்கள் சொன்னபடி காலையிலும் மாலையிலும் வெயிலில் கட்டிப்போட்டேன். வெயில் பட்டால் வைட்டமின் டி ஊறிக் கால் நிமிர்ந்துவிடும் என்று நம்பினேன். ஒரு நாள் ஒன்றரை அடி உயரத் திண்ணையிலிருந்து இறங்கியபோது பின்னங்கால் ஒடிந்துவிட்டது. அது கத்திய கத்தல் இன்றும் என் காதில் இருக்கிறது.

எக்ஸ்ரே படத்தை மருத்துவர் விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில், சுற்றியுள்ள சதைக்கும் எலும்புக்கும் வேறுபாடே தெரியாமல் சாம்பல் நிறமாக இருந்தது. எலும்பின் ஓரச் சுவர் பென்சில் கோடு அளவுக்கு மெலிந்து போயிருந்தது. கறியில் இருக்கும் பாஸ்பரஸ் மிகுந்து, கால்சியம் இல்லாமல் போனதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்திற்குக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அவர் விளக்கினார். ஆறு வாரம் கூண்டுக்குள் ஓய்வு. உணவு முழுவதும் மாற்றம். பிழைத்துக்கொண்டது. எலும்பும் வலுப்பட்டது. ஆனால் முன்னங்கால்களின் வளைவு முழுமையாக நிமிரவில்லை. ஓடுவதற்கென்றே பிறந்த இனம் அது. அதன் நடையைப் பார்க்கும்போதெல்லாம் என் தவறுதான் கண்முன் நிற்கிறது.

எங்கள் தாத்தா காலத்தில் கம்பங்கூழும் மோரும்தானே ஊற்றினார்கள், அவை நன்றாகத்தானே ஓடின என்று என்னிடம் பலர் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்தபோது தெரிந்தது, அந்த நாய்கள் பிடித்த முயலிலும் எலியிலும் எலும்போடும் ஈரலோடும் தம் பங்கைத் தின்றன என்பது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டமும்கூட. ஆனால் வேட்டை போனதும் தட்டிலிருந்து எலும்பும் போய்விட்டது. கூழ் மட்டும் மிஞ்சியது. பழைய முறைதான் என்று சொல்லிக்கொண்டு நாம் இன்று கொடுப்பது அந்தப் பழைய உணவில் பாதியைத்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் கால்சியத்தை அள்ளிக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் கிரேட் டேன் குட்டி வாங்கினார். பையில் விற்கும் குட்டித் தீவனத்தைத்தான் கொடுத்தார். அதிலேயே எல்லாம் அளவோடு இருக்கும். ஆனாலும் செல்லப்பிராணிக் கடையில் சொன்னார்கள் என்று கால்சியம் திரவத்தையும் வேளைக்கு இரண்டு மூடி ஊற்றிவந்தார். ஐந்தாவது மாதத்தில் அந்தக் குட்டியும் நொண்டியது. எனக்குக் குறைவால் வந்த துன்பம், அவருக்கு மிகுதியால் வந்தது.

பதில் 3: பருத்தித்துறை நெய்தல்

வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் இருப்பதால் எங்கள் நாய்களுக்கு மீன்தான் முதன்மை உணவு. மீன் எண்ணெய்க் குளிகையைவிட மீனையே கொடுப்பது மலிவானது. நாய்களும் விரும்பிச் சாப்பிடும். சிறிய சூடை மீனையோ நெத்தலியையோ தலையோடும் முள்ளோடும் முள் மிருதுவாகும்வரை அவித்துப் பிசைந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் சோற்றில் சேர்க்கிறோம். முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் சேரும். பச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று எங்கள் மிருக வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறதாம், அவித்தால் அது போய்விடுமாம்.

நெத்தலிக் கருவாடு கொடுப்பதானால் இரவே தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மீண்டும் புதுத் தண்ணீரில் அவித்து அதையும் கொட்டிவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உப்பு அதிகம். நாய் இரவு முழுவதும் தண்ணீர் தேடி அலைந்ததைக் கண்ட பிறகுதான் நாங்கள் இதைக் கற்றுக்கொண்டோம்.

கேட்டவர்: வைகைக்கரை

ஓய்வுபெற்ற மருத்துவர் ஐயாவுக்கும், கோவில்பட்டி அண்ணனுக்கும், யாழ்ப்பாணத்துச் சகோதரருக்கும் மனமார்ந்த நன்றி. குட்டியின் கால் ஒடிந்த பகுதியைப் படித்தபோது எங்கள் நாயை அருகில் அழைத்து அதன் கால்களைத் தடவிப் பார்த்தேன்.

ஐயா சொன்னபடி பரிசோதனைகள் செய்துவிட்டோம். உண்ணித் தொற்று இல்லை. தைராய்டும் சரியாக இருக்கிறது. தோலில் பூஞ்சையோ சொறியோ இல்லை. குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தாயிற்று. ஆனால் வாயோரத்திலும் இடது முழங்கையிலும் தோல் சற்றுத் தடித்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாள் தரையில் படுப்பதால் வந்தது என்று நினைத்திருந்தேன். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, துத்தநாகக் குறைவாக இருக்கலாம் என்று ஒரு தாதுக் கலவையை எழுதிக்கொடுத்திருக்கிறார்.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. ஓட்டுப் பொடியை எப்படித் தயாரிப்பது? தேங்காய் எண்ணெய் பற்றி ஐயா எதுவும் சொல்லவில்லை, கொடுக்கலாமா? வைட்டமின் டி-க்கு வெயில் உதவாது என்றால், எங்கள் வீட்டில் எனக்கு எழுதிக்கொடுத்த 60,000 அலகு வைட்டமின் டி பொட்டலங்கள் இருக்கின்றன, அதில் ஒரு சிட்டிகை சேர்க்கலாமா?

பதில் 4: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்

அம்மா, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: அந்தப் பொட்டலத்தை நாய்க்குக் கொடுக்கவே கூடாது, அது எட்டாத உயரத்தில் வையுங்கள். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் டி ஏறக்குறைய 150 அலகு. அந்த ஒரு பொட்டலத்தில் 400 நாட்களுக்கு உரியது இருக்கிறது. ஒரு சிட்டிகையில் எத்தனை ஆயிரம் அலகு வந்தது என்பதை உங்களால் அளக்க முடியாது. 10 கிலோ நாய் ஒன்று ஒரு முழுப் பொட்டலத்தை நக்கிவிட்டால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6,000 அலகு உள்ளே போகும். நஞ்சின் அறிகுறிகள் தொடங்கும் அளவு அது. அளவு மேலும் கூடினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் படியும். எலிகளைக் கொல்ல விற்கப்படும் சில மருந்துகளில் இதே வைட்டமின் டி-தான் நஞ்சாக இருக்கிறது என்பதை அறிந்தால் இதன் கடுமை புரியும். மனிதர்களுக்கான இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த இனிப்பு வைட்டமின்களும் அப்படித்தான். அந்த சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிக் கல்லீரலைக் கெடுக்கும்.

வெயிலைப் பற்றிக் கோவில்பட்டித் தம்பி எழுதியது மிகவும் முக்கியமானது. மனிதத் தோலில் வெயில் பட்டதும் வைட்டமின் டி-யாக மாறும் மூலப்பொருள், நாயின் தோலில் போதிய அளவு தங்குவதில்லை. ஒரு நொதி அதை முன்பே கொலஸ்டிராலாக மாற்றிவிடுகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 1994-இல் தெளிவாக எழுதினார்கள். ஆகவே நாய்க்கு அது உணவிலிருந்துதான் வர வேண்டும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 40 அலகு அளவில் இருக்கும். மத்தி மீனில் அதைவிட நிறைய உண்டு. வேகவைத்த மத்தியை வாரம் மூன்று நாள், அந்த நாட்களில் கோழிக்கறியில் 100 கிராமைக் குறைத்துவிட்டு, அதே அளவு கொடுங்கள். யாழ்ப்பாணத்துத் தம்பி சூடை என்று சொல்வது மத்தியின் இனத்தைச் சேர்ந்த சிறு மீன்தான், அதுவும் நல்லது. மருத்துவர் எழுதிக்கொடுத்த தாதுக் கலவையில் வைட்டமின் டி-யும் இருக்கிறதா என்று டப்பாவின் பின்புறம் பாருங்கள். இருந்தால் காட் மீன் ஈரல் எண்ணெயைத் தனியாக வாங்க வேண்டாம். ஏ, டி இரண்டும் அதில் செறிவாக இருப்பதால், ஈரல், எண்ணெய், கலவை என்று மூன்று வழிகளில் உள்ளே போய்க் கணக்குத் தவறிவிடும்.

அதே உட்ரெக்டில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளிலிருந்துதான், பெரிய இனக் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியையும் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கும் என்பது உறுதியாயிற்று. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்டதைத் தள்ளிவிடும். குட்டியின் குடலுக்கு முதல் சில மாதங்களில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, வருவதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். முழுமையான குட்டித் தீவனம் உண்ணும் குட்டிக்குக் கால்சியம் திரவம் எதுவும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு உண்ணும் குட்டிக்கோ, எடையும் வயதும் பார்த்து மருத்துவர் அளவு சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன அரைத் தேக்கரண்டி வளர்ந்த நாய்க்கு மட்டுமே உரியது.

தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வேலையை அது செய்யாது. தோலில் ஈரம் தங்குவதற்கு வேண்டியது லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். தேங்காய் எண்ணெயில் அது இரண்டு விழுக்காடு அளவில்தான் இருக்கும். நல்லெண்ணெயில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். நீங்கள் தோலை நீக்கிவிட்டுக் கறியை வேகவைப்பதால், கோழியில் இருந்த அந்தக் கொழுப்பும் தோலோடு போய்விடுகிறது. வெள்ளையாகச் செதில் உதிர்வதற்குத் துத்தநாகத்தோடு இதுவும் சேர்ந்து காரணமாக இருக்கலாம். தினமும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெயை, சூடு ஆறிய சோற்றில் ஊற்றிப் பிசையுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டியதில்லை. முதல் வாரம் கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். திடீரென்று கொழுப்பு கூடினால் வயிற்றுப்போக்கு வரும்.

கறி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுகிறீர்களா? கொட்டினால் பி வகை வைட்டமின்களில் ஒரு பங்கு அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரிலேயே சோற்றைக் குழைத்துவிடுங்கள். பச்சரிசிக்குப் பதில் புழுங்கல் அரிசியாக இருந்தால் பி1 கூடுதலாகக் கிடைக்கும். நெல்லை அவிக்கும்போதே அது தவிட்டிலிருந்து உள்ளே இறங்கிவிடும்.

ஓட்டுப் பொடிக்கு வருகிறேன். வீட்டில் உடைக்கும் முட்டைகளின் ஓடுகளைக் கழுவி ஒரு டப்பாவில் சேர்த்துவாருங்கள். இருபது முப்பது சேர்ந்ததும் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, தண்ணீர் வடிந்த பின் ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவிடுங்கள். பிறகு இரும்புச் சட்டியில் சிறு தீயில் சில நிமிடம் வறுங்கள். விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். மிக்ஸியின் சிறிய சாடியில் நன்றாக அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் சலித்து, தங்கியதை மீண்டும் அரையுங்கள். விரல்களுக்கிடையே தேய்த்தால் விபூதி போல வழவழப்பாக இருக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் செரிக்காமல் மலத்தோடு வெளியேறும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம். அரைத் தேக்கரண்டியை இரண்டு வேளைக்கும் பிரித்து, சாப்பாட்டில் நன்றாகக் கலந்து கொடுங்கள். கால்சியம் அளவுக்கு மீறினால் துத்தநாகம் குடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், தலைதட்டி அளக்க வேண்டும். குவித்து அளக்கக் கூடாது. தாதுக் கலவையிலேயே கால்சியம் முழு அளவில் இருந்தால் ஓட்டுப் பொடி வேண்டாம். டப்பாவைப் படம் எடுத்து இங்கே போட்டால் நானே பார்த்துச் சொல்கிறேன்.

ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். முதல் வாரம் எண்ணெய், இரண்டாம் வாரம் ஓட்டுப் பொடி, மூன்றாம் வாரம் மீன். தாதுக் கலவை மட்டும் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து. ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எது என்று அப்போதுதான் தெரியும். தோலில் மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பழைய முடி உதிர்ந்து புது முடி வளர இன்னும் கூடுதலாகவே ஆகும். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

கேட்டவர்: வைகைக்கரை

ஒன்பது வாரங்கள் கழித்து எழுதுகிறேன் ஐயா. தாதுக் கலவையில் கால்சியம் மிகக் குறைவாகவே இருப்பதைப் படத்தில் பார்த்து நீங்கள் உறுதி செய்த பிறகு, ஓட்டுப் பொடியைத் தொடர்கிறோம். வாயோரத் தடிப்பு முழுவதும் மறைந்துவிட்டது. முழங்கையில் இருந்தது பாதியாகிவிட்டது. செதில் உதிர்வது நின்றுவிட்டது. முடி இன்னும் பழைய பளபளப்புக்கு வரவில்லை. ஆனால் முதுகில் எதிர்த்திசையில் தடவிப் பார்த்தால், அடியில் குட்டையாகப் புது முடி முளைத்திருப்பது வெள்ளை வெளேரென்று தெரிகிறது. எடை 22 கிலோ 300 கிராம். மீன் நாட்களில் தட்டு வைக்கும் முன்பே சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பக்கத்துத் தெருவில் ஒருவர் மூன்று மாதக் கோம்பைக் குட்டி வாங்கியிருக்கிறார். எலும்பில்லாத கறியும் சோறும்தான் கொடுக்கிறாராம். இந்த இழையை அவருக்கு அனுப்பிவிட்டேன். நாளை அவரையும் குட்டியையும் எங்கள் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.